முப்பத்தொரு ஒன்றுகள்: 2147483647 என்ற பகா எண்

சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் தன் கடையின் வாடிக்கையாளர் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். பெயர், தெரு, மொபைல் நம்பர், கடைசியாகப் பொருள் வாங்கிய தேதி என்று வரிசையாக இருந்தது. பெயர்கள் சரி, தெருக்களும் சரி. மொபைல் நம்பர் கட்டங்களில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்: 2147483647. "யாரோ ஒருத்தரோட நம்பர எல்லாருக்கும் போட்டுட்டாங்க சார். அது யாருன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்" என்றார்.

அந்த எண் எனக்குப் பழக்கமானது. அது அவருடைய வாடிக்கையாளர் யாருடையதும் இல்லை. பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவர் மொபைல் நம்பரை டேட்டாபேஸில் சாதாரண முழு எண்ணாகச் சேமிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த வகை எண்ணுக்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் வைக்கக்கூடிய 32 கட்டங்கள்தான் உண்டு. ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விட, எண்ணுக்கு மிஞ்சுவது 31 பிட். ஐந்து கட்டம் மட்டுமே உள்ள கிலோமீட்டர் மீட்டரில் 99999-க்கு மேல் காட்ட முடியாது அல்லவா? அதேபோல 31 பிட்டிலும் 1 நிரம்பிவிட்டால் அதற்கு மேல் போக முடியாது. 1 + 2 + 4 + 8 என்று 31 உறுப்புகளைக் கூட்டினால் வருவது 2³¹ − 1, அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இந்திய மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குகின்றன. ஆகவே மிகச் சிறிய நம்பர்கூட 600 கோடிக்குக் குறையாது. ஒன்றுகூட அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. "இது அடங்காது" என்று மறுத்திருக்க வேண்டிய டேட்டாபேஸ், பழைய அமைப்பில் இருந்ததால், ஒவ்வொரு நம்பரையும் உச்சவரம்புக்கு வெட்டிச் சேமித்துவிட்டது. உண்மையான நம்பர்கள் போனது போனதுதான். பழைய பில் புத்தகங்களைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள், இந்த முறை எழுத்தாக. போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. அதை எண்ணாகச் சேமிக்கவே தேவையில்லை.

இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், "ஆமாம், அது பகா எண், அதனால்தான் கம்ப்யூட்டரில் அதை எல்லையாக வைத்திருக்கிறார்கள்" என்பார். பகா எண் என்பது உண்மை. எல்லையாக இருப்பதும் உண்மை. நடுவில் இருக்கும் "அதனால்தான்" மட்டும் தவறு. இந்த எண் நம் கண்ணில் படும் இடங்களில் பாதிக்கும் மேல் அதன் பகாத்தன்மைக்கு எந்த வேலையும் கிடையாது. வேலை இருக்கிற இடங்களோ பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் அழகு பிடிபடும் என்று நினைக்கிறேன்.

முதலில் எல்லை. கணினியில் எண்களுக்கு ஒதுக்கும் இடம் 8, 16, 32, 64 பிட் என்று இரட்டிப்பாகப் போகும். குறிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டால் 7, 15, 31, 63. இந்த நான்கு உச்சவரம்புகளில் 2⁷ − 1 = 127 பகா எண். 2¹⁵ − 1 = 32767 பகா எண் இல்லை, அது 7 × 31 × 151. 2⁶³ − 1 என்ற பெரிய எண்ணை 7 இரண்டு தடவை மீதியின்றி வகுக்கும். காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரும முறையில் 32767 என்பது பதினைந்து ஒன்றுகள். அவற்றை மும்மூன்றாகப் பிரியுங்கள்: 111 111 111 111 111. ஐந்து கட்டும் ஒரே மாதிரி. ஆகவே 111, அதாவது இருமத்தில் 7, முழு எண்ணையும் வகுத்துவிடும். ஐந்தைந்தாகப் பிரித்தால் 11111 11111 11111. இருமத்தில் 11111 என்பது 31. அதுவும் வகுக்கும். நாம் புழங்கும் பத்தடிமான முறையிலும் இப்படித்தான், 111111-ஐ 11-ம் வகுக்கும், 111-ம் வகுக்கும்.

ஒன்றுகளின் எண்ணிக்கை சமக் கட்டுகளாகப் பிரியும் என்றால் எண்ணும் பிரிந்துவிடும். 31 ஒன்றுகளை அப்படிப் பிரிக்க முடியாது, ஏனென்றால் 31 பகா எண். வன்பொருளில் 32 பிட் வைத்தவர்கள் 31-இன் பகாத்தன்மையை நினைத்து வைக்கவில்லை. 32 வசதியான அளவு, அதிலிருந்து ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டப் போகிறது என்பதால் யூடியூப் தன் கணக்கியை 64 பிட்டுக்கு மாற்றியதும் இந்த எல்லை விவகாரம்தான். 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு வரப்போகும் சிக்கலும் அதுவே. 1970-இன் தொடக்கத்திலிருந்து வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் பழைய 32 பிட் கடிகாரங்கள் அந்த நொடியில் 2147483647-ஐத் தொடும். அடுத்த நொடி குறி மாறி, சர்வதேச நேரப்படி தேதி 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும். இந்த எண் பகு எண்ணாக இருந்திருந்தாலும் இவையெல்லாம் அப்படியே நடக்கும்.

சரி, பகாத்தன்மைக்கு வருவோம். ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 பகா எண், ஆனால் பதினொரு ஒன்றுகள் சேர்ந்த 2¹¹ − 1 = 2047 என்பது 23 × 89. முப்பத்தொரு ஒன்றுகள் என்ன ஆகின்றன என்று சந்தேகமில்லாமல் தெரிய ரொம்ப காலம் பிடித்தது.

இத்தாலியின் பியெத்ரோ கத்தால்தி 1588-இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று காட்டினார். வழி நேரானது: 750 வரை உள்ள பகா எண்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார். 2¹⁹ − 1 = 524287-இன் வர்க்கமூலம் 724 சொச்சம், அதனால் பட்டியல் போதுமானதாக இருந்தது. 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் பகா எண்தான் வரும் என்று அவர் சொல்லிவைத்தார். அந்த நான்கில் 31 மட்டுமே சரி. 23-ஐயும் 37-ஐயும் 1640-இல் ஃபெர்மா உடைத்தார். 1644-இல் பிரான்ஸின் துறவி மரேன் மெர்சேன் 257 வரையிலான அடுக்குகளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் 31 இருந்தது. ஆனால் 67, 257 என்று இரண்டு தவறுகளும், 61, 89, 107 என்று மூன்று விடுபடல்களும் அதே பட்டியலில் உண்டு. அப்படிப்பட்ட பட்டியலில் இடம்பெற்றது நிரூபணம் ஆகாது. இருந்தாலும் இந்த வகைப் பகா எண்களுக்கு இன்றுவரை மெர்சேன் பகா எண்கள் என்றுதான் பெயர்.

நிரூபித்தவர் சுவிஸ் கணித மேதை லெயோன்ஹார்ட் ஆய்லர். 1772-இல் டேனியல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்கிறார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயதை ஒட்டியிருக்கும். பீட்டர்ஸ்பர்கில் இருந்தார், பார்வை ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது. அந்த நிலையில் இந்த வகுத்தல்களை எப்படிச் சமாளித்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அவர் கையாண்ட வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2147483647-இன் வர்க்கமூலம் 46,340-ஐக் கொஞ்சம் தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4,800. கத்தால்தியின் வழியில் போனால் இத்தனை வகுத்தல்கள் போட வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பகா எண்களின் பட்டியலும் கையில் இருக்க வேண்டும். ஆய்லர் வேறு கேள்வி கேட்டார்: இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பகா எண் எப்படி இருந்தாக வேண்டும்?

அந்த வகுத்தியை 'வ' என்று வைப்போம். 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்குகளை வரிசையாக 'வ'-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதிக்கொண்டே போனால், எங்கோ ஓரிடத்தில் மீதி 1 வரும். அதன்பின் முழு வரிசையும் முதலிலிருந்து திரும்பும். அது ஒரு சுழற்சி. 2³¹ − 1-ஐ 'வ' வகுக்கிறது என்றால் 31-ஆம் அடுக்கில் மீதி 1. ஆகவே சுழற்சியின் நீளம் 31-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் நீளம் 1 அல்லது 31. ஒன்றாக இருக்க முடியாது, 2-ஐ வகுத்து முதல் அடியிலேயே மீதி 1 வந்தால் 'வ' 1 ஆகிவிடும். எனவே நீளம் 31. அப்புறம் ஃபெர்மாவின் தேற்றம் ஒன்று இருக்கிறது: 2-இன் (வ − 1)-ஆம் அடுக்கிலும் மீதி 1 வந்தே தீரும். எனவே வ − 1 என்பது 31-இன் மடங்கு. 'வ' ஒற்றை எண், ஆகவே வ − 1 இரட்டை எண். இரண்டையும் சேர்த்தால் வ − 1 என்பது 62-இன் மடங்கு. அதாவது 63, 125, 187, 249, 311 என்று 62 தள்ளித் தள்ளி வரும் எண்களில் மட்டும் தேடினால் போதும். மேலே பார்த்த 2047-இலேயே இதைச் சோதிக்கலாம்: அடுக்கு 11, ஆகவே வகுத்திகள் 22-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும். 23 = 22 + 1, 89 = 88 + 1.

இத்தோடு அவர் நிற்கவில்லை. 31-ஆம் அடுக்கில் மீதி 1 என்றால் 32-ஆம் அடுக்கில் மீதி 2. 32 இரட்டை எண், எனவே 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது 'வ'-ஆல் வகுக்கும் மீதிக் கணக்கில் 2 என்பது ஏதோ ஒன்றின் வர்க்கமாக இருக்கிறது. எந்தப் பகா எண்களுக்கு அப்படி நடக்கும் என்பது தெரிந்த விஷயம்: 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தரும் பகா எண்களுக்கு மட்டும். இரண்டு சல்லடைகளையும் சேர்த்துச் சலித்தால், 248-ஆல் வகுத்து 1 அல்லது 63 மீதி தரும் எண்கள் மட்டுமே தங்குகின்றன.

இதன் பலன் எவ்வளவு என்று பார்க்க 1,500 வரை மட்டும் போவோம். தங்குபவை 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489. இவற்றில் 249-ஐ 3 வகுக்கும், 497-ஐ 7 வகுக்கும், 559 = 13 × 43, 1241 = 17 × 73. இப்படித் தள்ளிக்கொண்டே வந்தால் மிஞ்சும் பகா எண்கள் மூன்றே மூன்று: 311, 1303, 1489. பழைய வழியில் 1,500-க்குள் இருநூற்றுச் சொச்சம் பகா எண்களால் வகுத்திருக்க வேண்டும். இப்போது மூன்று வகுத்தல். பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 311-ஆல் வகுத்தால் மீதி 35. 1303-ஆல் வகுத்தால் 226. 1489-ஆல் வகுத்தால் 199. எதுவும் வகுக்கவில்லை. 46,340 வரை இப்படிப் போனால் சல்லடையில் தங்கும் எண்கள், 1-ஐயும் 63-ஐயும் விட்டுவிட்டால், மொத்தம் 372. அவற்றில் பகா எண்கள் மட்டும் என்றால் நூறுகூட இல்லை. ஒருவர் பொறுமையாக உட்கார்ந்தால் சில நாட்களில் முடிக்கலாம்.

இதே ஆய்லர் 1738-இலேயே 2²⁹ − 1-ஐ உடைத்திருந்தார். அங்கே 58-இன் மடங்கைவிட ஒன்று அதிகமானவற்றில் தேடினால் 58 × 4 + 1 = 233 என்று நான்காவது அடியிலேயே வகுத்தி மாட்டிக்கொள்ளும். 31-க்கு மட்டும் கடைசிவரை எதுவும் மாட்டவில்லை.

இன்று இவ்வளவும் தேவையில்லை. எதுவார் லூக்கா 1870-களில் தொடங்கி, பின்னர் டெரிக் ஹென்றி லேமர் செம்மைப்படுத்திய சோதனை ஒன்று உண்டு. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். திரும்பத் திரும்ப இதையே செய்யுங்கள். 127-க்கு இப்படி வரும்: 4, 14, 67, 42, 111, 0. கடைசியில் 0 வந்தால் பகா எண். அடுக்கு 7 என்பதால் ஐந்து முறை செய்தோம். 2147483647-க்கு 29 முறை செய்தால் போதும், வகுத்திகளைத் தேடவே வேண்டாம். இந்த வழியின் தொடக்க வடிவத்தைக் கொண்டுதான் லூக்கா 1876-இல் 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று கையாலேயே நிறுவினார்.

ஆய்லருக்குப் பிறகு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, மனிதர்களுக்குத் தெரிந்த பகா எண்களிலேயே பெரியதாக 2147483647 இருந்தது. ஒவ்வொரு மெர்சேன் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணையும் கூடவே அழைத்து வரும். தன்னைத் தவிர்த்த எல்லா வகுத்திகளையும் கூட்டினால் தானே கிடைக்கும் எண்ணுக்குச் செவ்விய எண் என்று பெயர், 1 + 2 + 3 = 6 போல. நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் எட்டாவது செவ்விய எண் வருகிறது: 2305843008139952128. இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ 1811-இல் இந்தச் செவ்விய எண்ணைப் பற்றி எழுதும்போது, இதைவிடப் பெரியதை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றார். இவை ஆர்வத்துக்காகத் தேடுபவை, பயன் கிடையாது, ஆகவே யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் கருத்து. ஆர்வம் மட்டுமே மனிதர்களை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். 2024 அக்டோபரில் லூக் டியூரண்ட் கண்டுபிடித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-இல் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அறியப்பட்ட மெர்சேன் பகா எண்களில் அது 52-ஆவது.

பயன் இல்லை என்று பார்லோ சொன்னதும் தவறாகிப் போனது. அவர் பேசிய செவ்விய எண்ணைத் தந்த 2147483647-ஆலேயே தவறாகிப் போனது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஒரு பஸ் நிலையத்தில் கூட்டம் எப்படிச் சேரும், கலையும் என்று கணினியில் நடத்திப் பார்க்க வேண்டும் என்று வையுங்கள். யார் எப்போது வருவார் என்பதற்குக் குருட்டாம்போக்கான எண்கள் வேண்டும். கணினியோ சொன்னதைச் செய்யும் இயந்திரம். அதனிடமிருந்து கணிக்க முடியாதது போலத் தோன்றும் எண்களை வாங்க லேமர் 1940-களின் இறுதியில் ஒரு வழி சொன்னார். ஓர் எண்ணை எடுத்து, ஒரு நிலையான எண்ணால் பெருக்கி, இன்னொரு நிலையான எண்ணால் வகுத்து மீதியை எடு. அந்த மீதியை மறுபடி பெருக்கு. வகுக்கும் எண்ணை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிறிய எண்களில் பாருங்கள். பெருக்குவது 3, வகுப்பது 8. ஒன்றில் தொடங்கினால் 1, 3, 1, 3 என்று இரண்டே எண்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். வகுப்பதை 7 ஆக்குங்கள்: 1, 3, 2, 6, 4, 5, பிறகுதான் 1. பூஜ்யம் தவிர எல்லா மீதிகளும் ஒரு முறை தலைகாட்டிவிட்டன. 7 பகா எண் என்பதால் கிடைத்த வசதி இது. எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், பூஜ்யம் தவிர்த்த எல்லா மீதிகளையும் ஒரே சுற்றில் தொட்டுவரும் பெருக்கி ஒன்றாவது கட்டாயம் இருக்கும். 8, 16, 32 போன்ற எண்களுக்கு அது கிடையாது.

1969-இல் லூயிஸ், குட்மேன், மில்லர் என்ற மூவர் ஐ.பி.எம். சிஸ்டம் 360 கணினிக்கு இந்த வழியை அமைத்தபோது வகுக்கும் எண்ணாக 2147483647-ஐயும் பெருக்கும் எண்ணாக 16807-ஐயும் வைத்தார்கள். 16807 என்பது 7⁵. நம் பகா எண்ணின் மீதிக் கணக்கில் 7-இன் அடுக்குகள் எல்லா மீதிகளையும் தொட்டுவிட்டுத்தான் 1-க்குத் திரும்பும். சுற்றின் நீளம் 2147483646, அது 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331 என்று உடையும். அதில் 5 இல்லாததால் ஐந்தாம் அடுக்கும் அதே முழுச் சுற்றைச் சுற்றும். 7-ஐயே வைத்தால் எண்கள் மெதுவாக ஏறி ஒழுங்கு வெளியே தெரியும், 16807 நன்றாகக் குலுக்கும். இங்கே பகாத்தன்மைதான் வேலை செய்கிறது. 31 ஒன்றுகள் என்ற வடிவமும் கைகொடுக்கிறது, அது எப்படி என்று சொல்கிறேன்.

ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியை அறிய இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று பள்ளியில் படித்திருப்போம். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதுதான் அதன் ரகசியம். 2³¹-ஐ 2147483647-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆகவே 2³¹-ஐ அடிமானமாக வைத்து இலக்கங்களைக் கூட்டினால் போதும், வகுத்தலே தேவையில்லை. ஒன்றில் தொடங்கினால் அடுத்தது 16807. அதற்கடுத்தது 16807 × 16807 = 282475249. இதை மறுபடி 16807-ஆல் பெருக்கினால் 4747561509943. அதில் 2³¹ எத்தனை தடவை அடங்குகிறது? 2210 தடவை, மிச்சம் 1622647863. இரண்டையும் கூட்டுங்கள்: 1622650073. அதுதான் வரிசையில் அடுத்த எண். கணினிக்கு 2³¹-ஆல் பிரிப்பது என்பது பிட்டுகளை ஓரிடத்தில் வெட்டுவது மட்டுமே. வகுத்தல் மெதுவாக நடந்த அந்தக் காலத்துக் கணினிகளில் இது பெரிய சேமிப்பு.

அதே 1960-களில் புழக்கத்தில் இருந்த ராண்டு என்ற முறை இதற்கு நேர்மாறான பாடம். அது 65539-ஆல் பெருக்கி 2³¹-ஆல் வகுத்தது. பகா எண்ணிலிருந்து ஒன்றே ஒன்று தள்ளிய எண். ஆனால் அதில் ஒற்றை எண்ணில் தொடங்கினால் எப்போதும் ஒற்றை எண்தான் வரும். அதைவிட மோசமானது, அடுத்தடுத்த மூன்று எண்களை முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளியாகக் குறித்தால், எல்லாப் புள்ளிகளும் 15 தட்டையான தளங்களில் போய் விழும். அந்தத் தவறுக்கு 2³¹ மட்டும் காரணமில்லை, 65539-உம் மோசமான தேர்வு. ஆனாலும் அதை நம்பி நடந்த கணக்கீடுகளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

1988-இல் பார்க், மில்லர் இருவரும் 16807 முறையைக் குறைந்தபட்சத் தரமாக எல்லோரும் ஏற்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு சோதனையும் கொடுத்தார்கள்: 1-இல் தொடங்கிப் பத்தாயிரம் முறை செய்தால் 1043618065 வர வேண்டும். சி++ மொழியின் நூலகத்தில் இந்த முறை இன்றும் இருக்கிறது. ஆனால் இன்றைய கணினி 214 கோடி எண்களைச் சில நொடிகளில் சுற்றி முடித்துவிடும், ஆகவே பெரிய கணக்கீடுகளுக்கு இது காணாது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட முறைகளில் ஒன்றுக்கு மெர்சேன் ட்விஸ்டர் என்றே பெயர். அதன் சுற்று நீளம் 2¹⁹⁹³⁷ − 1, அதுவும் மெர்சேன் பகா எண். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓடிபி, பாஸ்வேர்டு போன்ற ரகசியங்களுக்கு 16807 முறையைத் தொடவே கூடாது. ஓர் எண் தெரிந்தால் அடுத்தது என்ன என்று பேனாவாலேயே கண்டுபிடிக்கலாம். மேலே நாம் செய்தது அதைத்தான்.

கடைசியாக, இந்த எண் நிற்கும் வரிசை. 5-இலிருந்து தொடங்குங்கள். 2⁵ − 1 = 31, பகா எண். 2³¹ − 1 நம் எண், அதுவும் பகா எண். அப்படியானால் 2-ஐ 2147483647 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால்? பக்கத்திலேயே 2, 3, 7, 127, 2¹²⁷ − 1 என்று இதே மாதிரி ஏறும் இன்னொரு வரிசை ஐந்து படியும் பகா எண்களாகவே நிற்கிறது. அதைப் பார்த்தால் இங்கேயும் ஆசை வருவது இயல்பு. அந்த எண்ணில் 64 கோடியே 64 லட்சத்து 56 ஆயிரத்து 993 இலக்கங்கள் இருக்கும். எழுதிப் பார்க்க வேண்டாம். ஆய்லரின் சல்லடை இதற்கும் பொருந்தும். வகுத்தி இருந்தால் அது 2147483647-இன் இரட்டை மடங்கைவிட ஒன்று அதிகமாக இருந்தாக வேண்டும். 4294967294-ஐ 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கி ஒன்றைக் கூட்டிச் சோதித்துக்கொண்டே போகலாம். 1983-இல் கை ஹாவொர்த் 68745-ஆல் பெருக்கும் இடத்தில் வகுத்தியைப் பிடித்தார்: 295257526626031. பதினைந்தே இலக்கம். 8-ஆல் வகுத்தால் மீதி 7, இரண்டாவது சல்லடையிலும் அது தங்குகிறது.

வகுக்கிறதா என்று நாமே சரிபார்க்கலாம். 2-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்தால் அடுக்கின் இரும வடிவத்துக்குப் பின்னால் ஒரு 0 சேரும். மறுபடி 2-ஆல் பெருக்கினால் அந்த 0, 1 ஆகிவிடும். அதாவது வர்க்கம், இரட்டிப்பு என்று ஒரு முறை செய்தால் அடுக்கில் ஒரு 1 கூடுகிறது. ஒவ்வொரு முறையும் 295257526626031-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது முறை செய்யுங்கள். அடுக்கில் இப்போது முப்பத்தொரு ஒன்றுகள், அதாவது 2147483647. லேப்டாப்பில் ஐந்தாறு வரி எழுதினால் போதும், முப்பதாவது முறை முடிந்ததும் திரையில் 1 நிற்கும்.